ஃபர்னாண்டோன்னா போர்ச்சுகலா?

"ஃபர்னாண்டோவா? முன்னோர் போர்ச்சுகலா?" தூத்துக்குடிக்காரங்க அடிக்கடி கேட்கிற கேள்வி. இல்லைங்க. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது இந்த மாதிரி பெயர்கள் வந்தன. அதனால பேர் ஒண்ணா இருந்தா வம்சமும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க.

வம்சம் தேடுறவங்களுக்கு நான் சொல்றது: முதல்ல கடற்கரை வரலாற்று நூல்களைப் படிங்க. பாட்டன் பேர் அதில் பெரும்பாலும் இருக்காது. அவர் எங்கே போயிருப்பார்னு தெரியும். மணப்பாட்டு வியாபாரிகளுக்குக் கொழும்போடு இருந்த தொடர்பு புரிஞ்சா, ஊர்ப் பதிவேட்டில் காணாத ஆளை அக்கரையில் தேடலாம்.

அடுத்து, பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். பெற்றோர் பெயரோட ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயரையும் குறிச்சுக்கோங்க. ஒரே பேர்ல நாலு பேர் இருந்தா, உங்க ஆள் யாருன்னு காட்டிக்கொடுக்கிறது அவங்கதான்.