தலையில் பட்ட பந்தும் தாமதமாக வந்த விதியும்

கிரிக்கெட்டைக் கனவான்களின் ஆட்டம் என்பார்கள். அந்தக் கனவான்களில் ஒருவருக்குத் தலையில் அடிபட்டால் மாற்று வீரரை முழுமையாக ஆட விடலாம் என்ற விதி வருவதற்கு, டெஸ்ட் கிரிக்கெட் தொடங்கி 142 ஆண்டுகள் ஆயின.

இந்தியாவைப் பொறுத்தவரை இந்தக் கதை 1962-ல் தொடங்குகிறது. அந்த மார்ச் மாதம் பார்படாஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து, இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையோட்டை உடைத்தது. எதிரணி நாட்டின் கேப்டன் ஃபிராங்க் வொரல் அவருக்கு ரத்தம் கொடுத்தார். பிறகு தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் தலையில் உலோகத் தகடு வைக்கப்பட்டது. அதை எடுத்தது 2022-ல்தான். உயிர் பிழைத்தார், ஆனால் 28 வயதிலேயே அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது.

1976-ல் கிங்ஸ்டனில் மைக்கேல் ஹோல்டிங்கின் பந்து அன்ஷுமன் கெய்க்வாட்டின் காதருகே தாக்கியது. அந்த டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் இந்திய வீரர்கள் ஐந்து பேர் மட்டை பிடிக்க வரவே இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1978-ல், ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப் டெஸ்டில் முதன்முதலாக ஹெல்மெட் அணிந்தார்.

ஹெல்மெட் வந்ததும் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. அது மண்டையோட்டைக் காக்கும். ஆனால் அடி விழும் வேகத்தில் உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது. இதைத்தான் கன்கஷன் என்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் கெட்டியான ஹெல்மெட் வந்த பிறகு வீரர்கள் தலையையே ஆயுதமாக்கி மோதினார்கள். அங்கே 1976-ல் கல்லூரி, பள்ளி ஆட்டங்களில் தலையால் முட்டுவதைத் தடை செய்த பிறகுதான் கழுத்து முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. கவசம் செய்யாததை விதி செய்தது.

இந்த அடியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அடிபட்டவர் நன்றாக இருப்பதுபோலவே தெரிவார். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் மட்டையாளருக்கு மிக அருகே ஃபீல்டிங் செய்த ராமன் லாம்பாவின் தலையில் பந்து பட்டது. அவர் தானாகவே நடந்து வெளியேறினார். மூன்று நாளில் இறந்துவிட்டார்.

2014-ல் ஃபிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு இறந்தது கிரிக்கெட் உலகை உலுக்கியது. 2019 ஆகஸ்ட் 1 முதல் மாற்று வீரர் விதி அமலானது. அதே மாதம் லார்ட்ஸில் ஆர்ச்சரின் பந்தில் அடிபட்ட ஸ்டீவ் ஸ்மித், திரும்பி வந்து 92 ரன் வரை ஆடினார். மறுநாள்தான் அறிகுறிகள் தெரிந்தன. அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார்.

2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவுக்குப் பதில் வந்த சஹல் மூன்று விக்கெட் எடுத்ததும், இது தந்திரம் என்று சர்ச்சை கிளம்பியது. சந்தேகம் இருக்கலாம். ஆனால் மாற்று ஆள் இல்லாத காலத்தில் அணிக்காக வலியை மறைத்தவர்கள் எத்தனை பேரோ!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மைதானங்களில் ஆடும் பையன்களுக்கு மேட்ச் ரெஃப்ரியும் இல்லை, டாக்டரும் இல்லை. அங்கே பந்து தலையில் பட்டால், "ஒண்ணுமில்லடா" என்று அவன் சொன்னாலும், வெளியே உட்கார வைத்து, அன்றே டாக்டரிடம் அழைத்துப்போக ஒருவர் வேண்டும். 142 ஆண்டுகள் கழித்து வந்த விதியின் சாரம் அவ்வளவுதான்.