திறப்பு யாரிடம்?

தமிழ்நாட்டவர் 'சாவி' என்பதை நாம் 'திறப்பு' என்கிறோம். சாவி போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். திறப்பு எமது சொல். பூட்டுவதும் அதே இரும்புத் துண்டுதான். ஆனாலும் எமது சனங்கள் அது திறக்கிறது என்பதை வைத்தே அதற்குப் பெயரிட்டார்கள்.

பல்கலைக்கழகங்களின் வரலாறு பெரும்பாலும் பேரறிஞர்களின் வரலாறாகவும் நூல்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டிருக்கிறது. அதை இன்னொரு வழியாலும் எழுதலாம். வாசற் கதவின் திறப்பு எந்தக் காலத்தில் எவர் கையில் இருந்தது, எத்தனை பேர் கையில் இருந்தது என்று கேட்டுக்கொண்டு போனால், அறிவுக்கும் அதிகாரத்துக்கும் இடையில் நடந்த இழுபறி முழுவதும் அந்தக் கேள்விக்குள் வந்துவிடுகிறது.

ஐந்து பூட்டுகள்

ஒக்ஸ்போர்ட்டில் இருந்து தொடங்கலாம். 1209இல் அந்த நகரில் ஒரு பெண் கொல்லப்பட்டாள். ஆத்திரமடைந்த நகரத்தவர்கள் மாணவர் சிலரைப் பிடித்துத் தூக்கிலிட்டனர். ஆசிரியர்களும் மாணவர்களும் நகரை விட்டு வெளியேறினர். அவர்களில் ஒரு பகுதியினர் கேம்பிரிட்ஜுக்குப் போனதில் இருந்துதான் அங்குள்ள பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1214இல் பாப்பரசரின் தூதுவர் வழங்கிய தீர்ப்பின்படி, நகரத்தவர்கள் வறிய மாணவர்களுக்காக ஆண்டுதோறும் 52 ஷில்லிங் கட்ட வேண்டியதாயிற்று. 1240இல் லிங்கன் ஆயர் ரொபேட் குறோஸ்ரெஸ்ற் இந்தப் பணத்தைக் கொண்டு புனித பிரைட்ஸ்வைட் மடத்தில் ஒரு பெட்டகத்தை ஏற்படுத்தினார். கையில் காசில்லாத மாணவர்கள் ஒரு பொருளை ஈடுவைத்து, வட்டியில்லாமல் அங்கே கடன் வாங்கலாம். பெரும்பாலும் ஈடுவைக்கப்பட்டவை நூல்களே.

இப்படியான பெட்டகங்கள் காலப்போக்கில் பெருகின. 15ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழகத்தின் பொதுப் பணம் வைக்கப்பட்ட பெட்டகத்துக்கு 'ஐந்து திறப்புப் பெட்டகம்' என்றே பெயர். ஐந்து பூட்டுகள், ஐந்துக்கும் வெவ்வேறு திறப்புகள், அவற்றை வைத்திருந்தவர்களும் வெவ்வேறு ஆட்கள். ஐவரும் ஒன்றாக வந்து நின்றால் மட்டுமே மூடி திறக்கும். அண்மைக்காலம் வரையில் ஒக்ஸ்போர்ட்டின் நிதிப் பிரிவுக்குப் 'பெட்டகம்' என்ற பெயரே நிலைத்திருந்தது.

நியூ கல்லூரி நூலகத்தின் கதை இன்னும் சுவையானது. வின்செஸ்ரர் ஆயர் வில்லியம் விக்கம் 1379இல் நிறுவிய கல்லூரி அது. அதன் விதிகளின்படி நூலகக் கதவுக்கு மூன்று பூட்டுகள். இரண்டு பெரிய பூட்டுகளின் திறப்புகளில் ஒன்று மூத்த பீடாதிபதியிடமும் மற்றையது மூத்த பொருளாளரிடமும் இருக்கும். மூன்றாவது சிறிய பூட்டு. அதன் திறப்பு கல்லூரியின் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் இருக்கும். இரவில் மூன்றும் பூட்டப்படும். பகலில் பெரிய பூட்டுகள் இரண்டும் நீக்கப்பட்ட பின், உறுப்பினர் எவரும் தன் திறப்பால் திறந்து உள்ளே போகலாம்.

இந்த ஒழுங்கைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். பணப் பெட்டகத்தில் திறப்பைப் பிரித்தார்கள், தனியொருவர் திறக்கக்கூடாது என்பதற்காக. நூலகத்திலோ திறப்பைப் பெருக்கினார்கள், எவருமே தனியாகத் திறக்கலாம் என்பதற்காக. இரண்டும் ஒரே அச்சத்தில் பிறந்தவை: எல்லாம் ஒருவர் கைக்குப் போய்விடக்கூடாது. எமது ஊர்க் கோயில்கள் சிலவற்றில் நகைப் பெட்டகத்தின் திறப்புகளைத் தர்மகர்த்தாக்கள் பிரித்து வைத்திருப்பதும் இந்த அச்சத்தால்தான்.

இதையெல்லாம் ஜனநாயகம் என்று கொண்டாடிவிட முடியாது. அந்த 'உறுப்பினர் ஒவ்வொருவரும்' ஆண்கள். திருச்சபையின் நிழலில் வாழ்ந்தவர்கள். நூலகத்தைக் கூட்டித் துடைத்தவனின் பெயர் எந்த விதியிலும் இல்லை. ஆயினும் திறப்பைப் பங்கிட வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது.

பூட்டுவதற்கான உரிமை

பாரிஸ் பல்கலைக்கழகத்தின் கதை ஒரு சாராயக்கடைச் சண்டையில் திரும்புகிறது. உணவகத்தில் வேலை செய்யும் எவருக்கும் இது விளங்கும். 1229இல், களியாட்டக் காலத்தில், சென் மார்செல் பகுதியில் மாணவர் சிலர் குடித்துவிட்டுக் கணக்கைப் பற்றித் தகராறு செய்தனர். அடிபட்டு ஓடியவர்கள் மறுநாள் ஆட்களுடன் வந்து கடையை நொறுக்கினர். அரசி பிளான்ஷின் ஆணையில் படையினர் வந்தனர். மாணவர்கள் பலர் கொல்லப்பட்டனர். நியாயம் கிடைக்காத ஆசிரியர்கள் வகுப்புகளை நிறுத்திவிட்டு வெளியேறினர். துலூஸ், ஒர்லியோன், ஆஞ்சே, ஒக்ஸ்போர்ட் என்று கல்விச் சமூகமே சிதறிப்போனது. இரண்டு ஆண்டுகளின் பின், 1231 ஏப்ரலில், பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரி விடுத்த ஆணை அவர்களைத் திருப்பி அழைத்தது. அநீதி நடந்தால் விரிவுரைகளை நிறுத்திவைக்கும் உரிமையும் அந்த ஆணையில் வழங்கப்பட்டது.

ஆக, கதவை மூடும் அதிகாரம் ஆசிரியர்களின் ஆயுதமாக இருந்தது. படையினர் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவது சாதாரண விடயம் அல்ல என்ற மரபும் இக்காலத்துப் போராட்டங்களில் வேர்விட்டதுதான். இன்றும் பிரெஞ்சுச் சட்டத்தில் வளாகத்தின் ஒழுங்குக்குப் பொறுப்பானவர் பல்கலைக்கழகத் தலைவர். வழமையான நிலைமையில் அவர் கேட்டால்தான் பொலிஸ் உள்ளே வரும்.

அந்தக் கேட்கும் அதிகாரம் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை 1968 காட்டியது. தொடக்கமே ஒரு கதவுப் பிரச்சினைதான். பாரிசுக்கு வெளியே நொந்தேரில் மாணவிகள் விடுதிக்குள் மாணவர்கள் போகக்கூடாது என்ற விதியை எதிர்த்து 1967 மார்ச்சில் மாணவர்கள் அந்த விடுதிக்குள் புகுந்து இருந்துகொண்டனர். அடுத்த ஆண்டு மார்ச் 22இல் நிர்வாகக் கட்டடத்தின் எட்டாம் மாடி அவர்கள் வசமாயிற்று. மே 2இல் பீடாதிபதி நொந்தேரைப் பூட்டினார். மறுநாள் சோர்போன் முற்றத்தில் மாணவர்கள் கூடினர். அரசால் நியமிக்கப்பட்ட அதிபர் ஜோன் றோஷ் பொலிசை அழைத்தார். முற்றம் வெறுமையாக்கப்பட்டது. சோர்போனும் மூடப்பட்டது.

அந்த நாட்களில் மாணவர்கள் முன்வைத்த மூன்று கோரிக்கைகளை இன்று படிக்கும்போது வியப்பாக இருக்கிறது. கைதானவர்களை விடு. பொலிசை வெளியேற்று. சோர்போனைத் திற. உலகத்தையே மாற்றப் புறப்பட்டதாகச் சொல்லப்படும் தலைமுறை, தெருவில் கல்லடுக்கி முதலில் கேட்டது ஒரு வாசற் கதவைத் திறக்கும்படிதான். மே 10 இரவு கே லுசாக் தெருவில் தடையரண்கள் எழுந்தன. மறுநாள் பிரதமர் பொம்பிடு சோர்போன் திறக்கப்படும் என்று அறிவித்தார். மே 13இல் திறந்த கதவால் மாணவர்கள் உள்ளே போய், யூன் 16இல் பொலிஸ் வந்து வெளியேற்றும்வரை அங்கேயே இருந்தார்கள்.

ஏதென்ஸில் திறப்புக்கே இடமிருக்கவில்லை. 1973 நவம்பர் 17 விடியற்காலை, இராணுவ ஆட்சியாளரின் ராங்கி ஒன்று பொலிற்றெக்னிக்கின் பிரதான வாயிலை மோதி வீழ்த்தியது. கதவுக்குப் பின்னால் மாணவர்கள் நின்றிருந்தார்கள். நசுங்கிய அந்த இரும்புக் கதவு இன்றும் வளாகத்தில் கிடக்கிறது. ஆண்டுதோறும் மக்கள் அதன்மேல் பூ வைக்கிறார்கள். 1982இல் கிரேக்கம் பல்கலைக்கழகப் புகலிடத்தைச் சட்டமாக்கியது. 2011இல் அது நீக்கப்பட்டது. 2017இல் திரும்பி வந்தது. 2019இல் மீண்டும் நீக்கப்பட்டது. புகலிடம் என்ற சொல் ஒரு கட்டடத்துக்கும் பொருந்தும் என்பதை எம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதைத் தருவதும் பறிப்பதும் ஆட்சிக்கு ஆட்சி மாறும் என்பதையும் நாம் அறிவோம்.

காட்

பழைய திறப்புக்கு ஒரு குணம் உண்டு. ஒருவரை விலக்க வேண்டுமானால் அவர் கையில் இருந்து அதை வாங்க வேண்டும், அல்லது பூட்டையே மாற்ற வேண்டும். இரண்டும் ஊருக்குத் தெரியும். இப்போது பல்கலைக்கழகங்களில் இருப்பது மின்னணு அட்டை. எந்தக் கதவை, எவர், எத்தனை மணிக்குத் திறந்தார் என்பது எங்கோ பதிவாகிறது. எங்கோ ஓர் அறையில் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினால் அட்டை செத்துவிடும். கதவின் முன் வந்து நிற்கும்போதுதான் அட்டைக்குரியவருக்கு அது தெரியவரும். ஐந்து பேரிடம் பிரிந்திருந்த திறப்பு இப்போது ஒரு கணினிக்குள் ஒன்றுசேர்ந்துவிட்டது. பாதுகாப்பு என்ற காரணம் பொய்யல்ல. ஆனால் அந்தக் கணினிக்கு எத்தனை பூட்டு, அவற்றின் திறப்புகள் எவர் எவரிடம் என்று கேட்பவர்கள் குறைவு.

பாரிசில் எம்மவர்கள் ஒருவரையொருவர் கண்டால் கேட்கும் முதற் கேள்வி, "காட் கிடைச்சிட்டுதோ?" என்பதுதான். நான் வேலை செய்த உணவகம் ஒன்றில் காலையில் சட்டரைத் திறக்கும் திறப்பு, கோப்பை கழுவும் அண்ணை ஒருவரிடமே இருந்தது. அவருக்குக் காட் இல்லை. முதலாளி நித்திரையில் இருக்க, முழுக் கடையும் குசினியும் அவர் கையில். நாட்டின் எந்தக் கதவும் அவருக்குத் திறக்காது. பல்கலைக்கழகங்களிலும் இதே கதைதான். விடியமுன் வந்து மண்டபங்களைத் திறந்து, கூட்டித் துடைத்து, மாணவர் வருமுன் மறைந்துவிடுகிறவர்களில் பெரும் பகுதியினர் குடியேறிகள். திறப்புக் கோர்வை முழுவதும் இடுப்பில் தொங்கும். விரிவுரை கேட்க அவர்களுக்கு இடமில்லை. படிப்பை இடையில் விட்டுவந்த எனக்கு இது வெறும் தகவலாகத் தெரியவில்லை.

எமது மண்ணில் இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 8 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இயந்திரம் கொண்டு இடிக்கப்பட்டது. வெளிவாயில் மூடப்பட்டிருக்க, மாணவர்களும் பொதுமக்களும் தெருவில் நின்றார்கள். ஏதென்ஸில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். இங்கே உடைக்கப்பட்டது உள்ளே. கதவு பத்திரமாகப் பூட்டியிருந்தது. மாணவர்கள் வாயிலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஜனவரி 11 காலை துணைவேந்தரே வந்து, அவர்களோடு சேர்ந்து புதிய தூபிக்கு அடிக்கல் நட்டார். ஏப்ரலில் அது திறந்துவைக்கப்பட்டது. அந்த மூன்று நாட்களும் வாயிலின் திறப்பு யாரிடம் இருந்தது என்பதை அங்கு நின்றவர்கள் மறக்கமாட்டார்கள்.

சோர்போனுக்குள் இப்போது அட்டை இல்லாமல் போக முடியாது. அதன் பக்கத்திலேயே கொலேஜ் டு பிரான்ஸ் இருக்கிறது. முதலாம் பிரான்சுவா மன்னன் 1530இல் தொடங்கிய இடம். அங்கு நடக்கும் விரிவுரைகளுக்குப் பதிவு இல்லை, கட்டணம் இல்லை, பரீட்சை இல்லை, பட்டமும் இல்லை. யாரும் போய் இருந்து கேட்கலாம். இடம் நிறைந்துவிட்டால் மட்டும் திரும்பி வரவேண்டும். பிரெஞ்சு ஓரளவு விளங்கும் எம்மவர்கள், வேலை இல்லாத ஒரு பின்னேரம் அங்கே போய்ப் பார்க்கலாம். யாரும் எம்மிடம் காட் கேட்பதில்லை.