கொள்வோன் மறைந்த வரலாறு: 'கிவ் அப்' என்னும் ஆங்கிலத் தொடர்வினை

'கிவ் அப்' என்றதும் இன்று முதலில் தோன்றும் பொருள், முயற்சியைக் கைவிடுதல். கொடுத்தலைக் குறிக்கும் 'கிவ்' எப்படிக் கைவிடுதலைக் குறிக்க வந்தது? பாடநூல்களில் வழக்கமாகக் கிடைக்கும் விடை, 'அப்' என்னும் இடைச்சொல் முழுமையைக் காட்டுகிறது என்பது. உண்டு தீர்ப்பது 'ஈட் அப்', குடித்துத் தீர்ப்பது 'ட்ரிங்க் அப்'. அதுபோல முற்றக் கொடுத்துவிடுவது 'கிவ் அப்'. இவ்விளக்கம் பிழையன்று, ஆனால் போதாது. பொருள் மாற்றத்தின் உந்துவிசை இடைச்சொல்லில் இல்லை; வினையின் கொள்வோன் சிறிது சிறிதாக மறைந்ததில் இருக்கிறது. கொடை என்றால் கொடுப்போன், கொடைப்பொருள், கொள்வோன் என மூவகை உறவு வேண்டும் என்பதை நான்காம் வேற்றுமை இலக்கணம் படித்தவர்கள் நன்கு அறிவார்கள். அந்த மூன்றில் ஒன்று கழன்றுபோனதன் கதைதான் இது.

மிகப் பழைய சான்றுகள் இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்து வரலாற்றுக் குறிப்பேட்டில் உள்ளன. அதன் இறுதிப் பகுதி 1155-ஐ ஒட்டி எழுதப்பட்டது. 1132-ஆம் ஆண்டுக்கான குறிப்பு, மடத்தைப் பிரான்சின் குளூனி மடத்துக்குக் கீழ்ப்படுத்த முயன்ற மடாதிபதி ஹென்றியைப் பற்றியது. அரசர் முதலாம் ஹென்றி அவரை மடத் தலைமையைத் துறக்கவைத்து நாட்டைவிட்டே போகச் செய்தார். 1137-க்கான குறிப்பில், மன்னர் ஸ்டீபன் சாலிஸ்பரி ஆயர் ரோஜரையும் அவர் உறவினரையும் கோட்டைகளை ஒப்படைக்கும்வரை சிறையில் வைத்தார் என்று வருகிறது. இரண்டு இடத்திலும் வினை 'கிவ் அப்'தான். இரண்டிலும் கொடைப்பொருள் கண்ணால் காணத்தக்கது அல்லது சட்டத்தால் அறியத்தக்கது: ஒரு பதவி, சில கோட்டைகள். கொள்வோன் வாக்கியத்தில் இல்லை. ஆனால் அரசர் அங்கே நிற்கிறார் என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு வெளிப்படையாக இருந்ததால்தான் அவர் சொல்லப்படவில்லை. விடுபடத்தக்க அந்த இடத்தில்தான் பின்னாளைய மாற்றம் தொடங்குகிறது.

பீட்டர்பரோ இருக்கும் கிழக்குப் பகுதி டேனியர் குடியேறிய நிலம். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலும் 'கெஃபா உப்' என்ற இதே சேர்க்கை இருந்ததால், ஆங்கிலத் தொடர் அதன் செல்வாக்கில் பிறந்தது என்று கருதுவோர் உண்டு. வடிவத்துக்கு அது பொருந்தும். பொருளுக்கு அத்தனை தொலைவு போக வேண்டியதில்லை. பழைய ஆங்கிலத்தில் 'விலகி' என்னும் பொருளுள்ள முன்னொட்டைச் சேர்த்த 'ஒஃப்கீஃபன்' என்ற வினை இருந்தது. பேயோவுல்ஃப் காவியத்தில் அது உலகை நீத்தலைக் குறிக்கிறது. அங்கே 'அப்' கிடையாது, துறத்தல் உண்டு. ஜெர்மனின் 'அவுஃப்கேபன்' இன்னும் தெளிவான சான்று. கடிதத்தை அஞ்சலில் சேர்ப்பதும், மாணவருக்கு வீட்டுப்பாடம் தருவதும், முயற்சியைக் கைவிடுவதும் அந்த ஒரே வினைதான். முதல் இரண்டில் கொள்வோர் இருக்கிறார்கள், கொடுத்தல் பொருள் நிற்கிறது. மூன்றாவதில் கொள்வோன் இல்லை, துறத்தல் பொருள் வருகிறது. இடைச்சொல் மூன்றிலும் ஒன்றே.

ஆங்கிலத்துக்குள்ளேயே இம்மாற்றத்தை 'கிவ் அப் த கோஸ்ட்' (ஆவியை விடுதல்) என்ற ஒரே மரபுத்தொடரில் காணலாம். 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், இயேசு உயிர்விட்டதை மாற்கு, லூக்கா, யோவான் நற்செய்திகள் 'கிவ் அப்' என்ற வினையால் சொல்கின்றன. மத்தேயு மட்டும் 'யீல்ட் அப்' என்கிறது. லூக்காவில் இயேசு தம் ஆவியைத் தந்தையின் கைகளில் ஒப்படைத்துவிட்டே இறக்கிறார். கொள்வோன் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார். இன்று ஆங்கிலேயர் அதே தொடரைப் பழுதாகி நின்றுபோன காருக்கும் சலவை இயந்திரத்துக்கும் சொல்கிறார்கள். இயந்திரம் எதையும் யாரிடமும் ஒப்படைப்பதில்லை. எஞ்சியிருப்பது ஓய்ந்துபோதல் மட்டுமே. நம்பிக்கையையும் புகைப்பழக்கத்தையும் 'கிவ் அப்' செய்வதும் இவ்வழியில் வந்ததே: துறக்கப்படும் பொருள் உண்டு, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கடைசியில் அந்தப் பொருளும் விழுந்து, வினை தனித்து நின்று 'தோற்றேன், ஓய்ந்தேன்' என்று மட்டும் சொல்கிறது.

'அப்' இல்லாமலே இது நடக்கும் என்பதற்கு 'கிவ் ஓவர்' வலுவான சாட்சி. ஒப்படைத்தலில் தொடங்கி நிறுத்துதலில் முடிந்த அதே பாதையை அது வேறோர் இடைச்சொல்லோடு நடந்தது. சாமுவேல் ஜான்சன் 1755-ஆம் ஆண்டு அகராதியின் முன்னுரையில், அயலாரை மிகவும் இடறவைக்கும் தொடர்வினைகளுக்கான எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக அதையும் தந்தார். இரண்டில் 'கிவ் அப்' வென்று, 'கிவ் ஓவர்' வட இங்கிலாந்துப் பேச்சுவழக்கில் ஒதுங்கியதற்கு 'அப்'பின் முழுமைப் பொருள் உதவியிருக்கலாம். இடைச்சொல்லின் பங்கு அந்த வெற்றியில்தான், பிறப்பில் அன்று.

கொள்வோன் மீண்டும் வந்தால் பழைய பொருளும் மீளும். தேடப்படும் குற்றவாளி காவல்துறையிடம் தன்னைத்தானே 'கிவ் அப்' செய்கிறான். அது சரணடைதல், கைவிடுதல் அன்று. மேடைக் கலைஞருக்குக் கைதட்டச் சொல்லி அமெரிக்க அறிவிப்பாளர் கூவும்போதும் இவ்வினை வருகிறது. கலைஞர் கொள்வோராக நிற்பதால் அதில் துறவின் சாயலே இல்லை.

நம் ஆங்கில–தமிழ் அகராதிகள் ஒப்படை, துற, கைவிடு, சரணடை என்று இப்பொருள்களை எண்ணிட்டு அடுக்கிவிட்டு நகர்கின்றன. மாணவர் அவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்கிறார். கொள்வோன் உள்ள பொருள்கள் ஒரு பிரிவாகவும் இல்லாதவை மற்றொரு பிரிவாகவும் தரப்பட வேண்டும். அகராதிப் பணியில் இருப்போர் அடுத்த பதிப்பிலேனும் இதைச் செய்ய வேண்டுகிறேன்.