பழைய டிரான்சிஸ்டர் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்: மின்வழங்கியை மாற்றியமைத்தல்

1960கள் முதல் 1980கள் வரை வால்வுகளைத் தவிர்த்து டிரான்சிஸ்டர்களால் கட்டப்பட்ட கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களின் மின்வழங்கியைப் புதுப்பிப்பதும் திருத்துவதும் இப்பணியில் அடங்கும். ஃபெண்டர் நிறுவனம் 1966இல் இவ்வகைக் கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தத் தொடக்க காலத் தயாரிப்புகள் பழுதுக்குப் பேர்போனவை. ஜப்பானின் ரோலண்ட் 1975இல் வெளியிட்ட ஜேசி-120 அந்த அவப்பெயரைப் பெருமளவு போக்கியது.

மின்வழங்கியின் கட்டமைப்பு எளியது. மின்மாற்றி மின்னழுத்தத்தைக் குறைக்கிறது, டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன, பெரிய மின்தேக்கிகள் எஞ்சிய ஏற்ற இறக்கத்தைத் தணிக்கின்றன. முதலில் தளர்வது இந்த மின்தேக்கிகளே. உள்ளிருக்கும் மின்பகு திரவம் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து, கொள்ளளவு குறைந்து, ஒலிபெருக்கியில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் எழும். ஆகவே பெரும்பாலான கருவிகளுக்கு வேண்டியது மின்தேக்கி மாற்றம் மட்டும்தான்.

எவ்வளவு பெரிதாகப் போடலாம்? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மின்தேக்கி நொடிக்கு 100 முறை நிரம்புகிறது. 2 ஆம்பியர் இழுக்கும்போது 4,700 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் அலைவு ஏறத்தாழ 4 வோல்ட். 10,000 மைக்ரோஃபாரடில் 2 வோல்ட். இரட்டிப்பாக்கினால் பலன் தெரியும். அதற்கு மேல் போனால் சுவிட்ச் போட்ட கணத்தில் பாயும் மின்னோட்டம் டயோடுகளையும் பியூஸையும் பதம் பார்க்கும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே வடிவமைத்த அமெரிக்கக் கருவியை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உள்ள இந்தியாவிலோ இலங்கையிலோ இயக்க, மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி மட்டும் போதாமல் போகலாம்: அதிர்வெண் குறைவதால் உள் மின்மாற்றி கூடுதலாகச் சூடாகும், அலைவும் சற்றுக் கூடும்.

முன்பெருக்கிப் பகுதிக்கு ஜீனர் டயோடு கொண்டு தரப்பட்ட ±15 வோல்ட்டை 7815, 7915 சீராக்கிகளால் மாற்றுவது நல்ல திருத்தம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கால்களின் வரிசை வேறு. 7815இல் உள்ளீடு, தரை, வெளியீடு. 7915இல் தரை, உள்ளீடு, வெளியீடு. இதைக் கவனியாமல் பற்றவைத்துச் சில்லுகளைப் பொசுக்கியவர்கள் ஏராளம். உள்ளீடு 35 வோல்ட்டைத் தாண்டவும் கூடாது.

திறனைக் கூட்டும் ஆசையில் முதன்மை மின்னழுத்தத்தை உயர்த்துவது வீண் வேலை. ±35 வோல்ட்டில் 8 ஓம் ஒலிபெருக்கிக்குச் சுமார் 64 வாட் தரும் கருவி, ±40 வோல்ட்டில் 85 வாட் தரும். காதுக்கு இது 1.2 டெசிபெல் வேறுபாடு. மேடையில் யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் அணைந்த நிலையிலுள்ள டிரான்சிஸ்டர் இரு பக்க மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகையைத் தாங்கியாக வேண்டும். 60 வோல்ட் எல்லை கொண்ட 2என்3055 வகைக்கு ±30 வோல்ட்டே உச்சவரம்பு.

கட்டாயம் செய்யவேண்டியது எர்த் இணைப்பு. அக்கால அமெரிக்கக் கருவிகள் பலவற்றில் இரு முனைச் செருகியே உண்டு. இரைச்சலைக் குறைக்க மின்கம்பிக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையே ஒரு சிறு மின்தேக்கியும் வைத்திருப்பார்கள். அது குறுக்கிணைந்தால் கிட்டார் கம்பியிலேயே மின்சாரம் பாயும். அம்மின்தேக்கியை நீக்கி, மூன்று முனைச் செருகி பொருத்தி, எர்த்தைச் சட்டத்தோடு திருகால் இறுக்க வேண்டும். பியூஸ் எப்போதும் ஃபேஸ் கம்பியில் இருக்க வேண்டும்.

செருகியைப் பிடுங்கிய பின்னும் 10,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 40 வோல்ட்டில் 8 ஜூல் ஆற்றல் தேங்கியிருக்கும். மின்தடையம் வழியாக அதை வடித்த பிறகே கை வைப்பது முறை. வேலை முடிந்ததும் முதல் இயக்கத்தில் ஒரு குண்டு பல்பைத் தொடரில் இணைப்பார்கள். பல்பு ஒருகணம் மின்னி மங்கினால் சரி, பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ குறுக்கிணைப்பு. ஒலிபெருக்கியைக் கடைசியாகத்தான் இணைக்க வேண்டும், அதுவும் வெளியீட்டு முனையில் நேர்மின்னழுத்தம் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருப்பதை அளந்து பார்த்தபின்.