முதியோரின் தீராத வலிக்குப் பின்னால் மறைந்திருக்கும் மனச்சோர்வு

முழங்கால் வலி, இடுப்பு வலி, முதுகு வலி என மருத்துவரை நாடும் முதியவர், தமது மனநிலை குறித்துப் பெரும்பாலும் பேசுவதில்லை. வீட்டில் உள்ளவர்களும் அதைக் கேட்பதில்லை. 'வயதானால் வலி இருக்கத்தான் செய்யும்' என்ற சொல்லோடு வலியும், அதனுடன் சேர்ந்து வளரும் மனச்சோர்வும் கவனிப்பாரற்றுப் போகின்றன. இவ்விரண்டும் முதுமையின் தவிர்க்க முடியாத விளைவுகள் அல்ல. சிகிச்சை அளிக்கக்கூடிய நோய்நிலைகள்.

கணக்கில் வராத சுமை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் சுமார் 10.4 கோடி பேர். மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18ஆம் ஆண்டுகளில் 45 வயதைக் கடந்தோரும் அவர்களின் வாழ்க்கைத் துணைவர்களுமாக 72,000க்கும் மேற்பட்டோரிடம் முதுமை குறித்த தேசிய ஆய்வை நடத்தியது. இதில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருந்தன. ஆனால் தமக்கு மனச்சோர்வு இருப்பதாக மருத்துவர் கண்டறிந்து கூறியதாகத் தெரிவித்தவர்கள் வெறும் 0.8 சதவீதம் பேர். அதாவது, பாதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலானோர் சிகிச்சையின் வாசலைக்கூட எட்டவில்லை.

வலியும் மனமும் இணையும் இடம்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும் வலி 'நாள்பட்ட வலி' எனப்படுகிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் அளிக்கப்பட்டுள்ளது.

வலியை உணரும் மூளைப் பகுதிகளில் சில, உணர்ச்சிகளைக் கையாள்வதிலும் பங்கேற்கின்றன. மனநிலையைச் சீராக வைத்திருக்க உதவும் செரடோனின், நார்எபிநெப்ரின் ஆகிய வேதிப்பொருட்களே, முதுகுத் தண்டுவடம் வழியாக மேலேறும் வலிச் செய்திகளைத் தணிப்பதற்கும் உதவுகின்றன. எனவே மனச்சோர்வு ஏற்படும்போது வலியின் தாக்கம் கூடுகிறது. வலி நீடிக்கும்போது மனச்சோர்வு ஆழமாகிறது.

வாழ்க்கை முறையும் இதற்குத் துணைபோகிறது. வலியால் இரவுத் தூக்கம் கெடுகிறது. நடைப்பயிற்சி, கோயில் பயணம், உறவினர் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. நடமாட்டம் குறையக் குறையத் தசைகள் வலுவிழந்து வலி மிகுகிறது, தனிமையும் பெருகுகிறது.

கண்டறிவதில் சிக்கல்

களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். ஆனால் மூட்டுவாதம், நீரிழிவு போன்ற நோய்களாலும் இவை ஏற்படலாம். இதனாலேயே உலகெங்கும் பயன்படும் முதியோர் மனச்சோர்வு அளவுகோலில் உடல் சார்ந்த கேள்விகள் தவிர்க்கப்பட்டு, மனநிலை சார்ந்த கேள்விகளே இடம்பெற்றுள்ளன. முதியோர் பலர் 'கவலையாக இருக்கிறது' என்று சொல்வதற்குப் பதிலாக 'உடம்பெல்லாம் வலிக்கிறது' என்றே சொல்கின்றனர். சிலரிடம் மனச்சோர்வு மறதியாக வெளிப்பட்டு, மறதி நோயெனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு.

இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை

அமெரிக்காவில் மூட்டுவாதமும் மனச்சோர்வும் ஒருங்கே இருந்த 1,001 முதியோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2003இல் வெளியானது. மனச்சோர்வுக்கு மேம்பட்ட சிகிச்சை பெற்றவர்களுக்கு, ஓராண்டுக்குப் பின் மனச்சோர்வு மட்டுமன்றி மூட்டு வலியும் குறைந்திருந்தது; அன்றாட வேலைகளுக்கு வலியால் ஏற்பட்ட இடையூறும் குறைந்தது. வலி குறைந்த அளவு பெரிதல்ல என்றாலும், மனதுக்கு அளித்த சிகிச்சை உடலுக்கும் பயன் தந்தது.

இயன்முறை சிகிச்சை, மிதமான உடற்பயிற்சி, மனநல ஆலோசனை ஆகியவை இதில் முக்கியமானவை. டுலாக்செடின் போன்ற சில மருந்துகள் மனச்சோர்வுக்கும் சிலவகை நாள்பட்ட வலிக்கும் பயன்படுகின்றன. எனினும் எந்த மருந்தையும் மருத்துவர் பரிந்துரையின்றி உட்கொள்ளக் கூடாது. கடைகளில் தாமாகவே வாங்கி உண்ணும் வலி நிவாரணிகள் முதியோருக்குச் சிறுநீரகப் பாதிப்பையும் இரைப்பையில் இரத்தக்கசிவையும் ஏற்படுத்தலாம். மனச்சோர்வுக்கான சில மருந்துகளுடன் சேரும்போது இரத்தக்கசிவு அபாயம் மேலும் கூடும்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியது

கடந்த இரண்டு வாரங்களாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருக்கிறதா என்ற இரு கேள்விகளை வலியால் அவதிப்படும் முதியோரிடம் கேட்பது நல்ல தொடக்கம். 'ஆம்' என்பது பதிலாக இருந்தால் மருத்துவரை அணுக வேண்டும். 'இருந்து என்ன பயன்', 'யாருக்கும் பாரமாக இருக்க விரும்பவில்லை' போன்ற சொற்களைப் புலம்பல் எனத் தள்ளிவிடாமல், உடனடியாக உதவி பெற வேண்டும்.

மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் 24 மணி நேரமும் இலவசமாகச் செயல்படுகிறது. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.