சிறையாளரே காவலர்

கேலாங்கிலிருந்து சிங்கப்பூர் நகரின் நடுப்பகுதிக்கு வருவோர் ஆண்ட்ரூ தேவாலயத்தின் வெண்கோபுரத்தைக் காணலாம். அதை எழுப்பிய கைகள் யாருடையவை? விடை, மெக்நேர் என்னும் ஆங்கிலேய அரசு அலுவலரின் பணி வரலாற்றில் உள்ளது.

சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த அவர், 1857-இல் சிங்கப்பூரில் அரசுப் பொறியாளராகவும் இந்தியக் கைதிகளின் கண்காணிப்பாளராகவும் பொறுப்பேற்றார். 1825-இல் பெங்கூலனிலிருந்து வந்த முதற் கூட்டத்தினர் 80 பேரும் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். பின்னர் வங்காளத்தாரும் பிறரும் வந்தனர். கைதிகள் ஆறு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். நன்னடத்தையால் உயர்ந்தோர் ஏனையோர்க்குக் காவலராயினர். பலர் கொத்தர், தச்சர், கொல்லர் தொழில்களைக் கற்றனர். செராங்கூன் சாலைச் சூளையில் செங்கல் சுட்டவர்களும் அவர்களே.

மக்பர்சன் வரைந்த திட்டப்படி 1856-இல் தொடங்கிய தேவாலயத்தை மெக்நேர் கட்டி முடித்தார். உட்சுவர்ப் பூச்சோ நம்மவர்க்குப் பழகிய சென்னைச் சுண்ணம். கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசினர். உலர்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர்.

1867-இல் சிங்கப்பூர், இந்திய அரசின் பொறுப்பிலிருந்து நீங்கி இலண்டன் குடியேற்ற அலுவலகத்தின் நேராட்சிக்கு மாறியது. ஆயினும் எஞ்சிய கைதிகளின் உழைப்பைக் கொண்டே மெக்நேர் ஆளுநர் மாளிகையை 1869-இல் முடித்தார். இன்று அது குடியரசுத் தலைவரின் இஸ்தானா. 1873-இல் கைதிச் சிறை கலைக்கப்பட்டது.

1899-இல் அச்சிறையின் வரலாற்றை மெக்நேர் நூலாக வெளியிட்டார். அதன் தலைப்பின் பொருள், 'சிறையாளரே தமக்குக் காவலர்' என்பது. அக்கட்டடங்களின் புகழ் ஒருவர்க்கே உரியதன்று என்பதற்கு அத்தலைப்பே சான்று.