புலிவார்டு ரோடும் கூர்நோக்கு இல்லமும்

நம்ம திருச்சி கீழப்புலிவார்டு ரோட்டுல புலியெல்லாம் கிடையாதுங்க. கோட்டை அகழியைத் தூர்த்துப் போட்ட 'பூல்வார்டு' நம்ம வாயில புலிவார்டு ஆயிடுச்சு. அங்கதான் அரசு கூர்நோக்கு இல்லம் இருக்கு. 'சிறுவர் ஜெயில்'னு இன்னமும் சிலர் சொல்றாங்க.

பிள்ளைகளுக்கு ஜெயில் வேண்டாம் என்றுதான் சென்னை மாகாணம் 1920-ல் சிறுவர் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே முதல்! வங்காளம் 1922, பம்பாய் 1924. பெருமைதான். ஆனா அதுல ஒரு வில்லங்கம். ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துல பிக்பாக்கெட் அடிச்ச பையனையும் சரி, நாதியில்லாம பிச்சை எடுத்த பையனையும் சரி, அதே கோர்ட்டில் நிறுத்தி சர்டிஃபைடு ஸ்கூலுக்கு அனுப்பலாம். பசிக்கும் திருட்டுக்கும் ஒரே வாசல்.

1986-ல் வந்த மத்தியச் சட்டம் விசாரணையைப் பிரித்தது. ஆதரவற்ற பிள்ளைக்கு நல வாரியம், குற்றம் செய்த பிள்ளைக்கு சிறார் கோர்ட். விசாரணை முடியும்வரை தங்க ரெண்டு பேருக்கும் கூர்நோக்கு இல்லம்தான்! அவர்களுக்குக் குழந்தைகள் இல்லம், இவர்களுக்குக் கூர்நோக்கு இல்லம் என்று இடத்தையும் பிரித்தது 2000-ம் வருஷச் சட்டம். பையன்களுக்கான வயசு வரம்பும் 16-லிருந்து 18 ஆச்சு. கணக்குப் போட்டா 80 வருஷம்.

2015 சட்டத்திலும் இந்தப் பிரிவினை தொடருது. ஆனா 16 தாண்டினவன் கொடுங்குற்றம் செய்திருந்தா பெரியவங்க மாதிரி விசாரிக்கலாம்னு ஒரு கதவைத் திறந்து விட்டுட்டாங்க. எனக்கு அதுல உடன்பாடில்லை. அது தனிப் பதிவு.